மயில் பார்க்கப் போன குட்டை

இந்த மே மாதம் நான் ஹைதராபாத் போனது சார்மினார் பார்க்க இல்லை. திருச்சியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நகரத்துக் குட்டைகளில் பறவைகளைக் கணக்கெடுக்க, கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன அமைப்பில் இடம் கிடைத்தது. சம்பளம் கிடையாது, வழிச்செலவும் சான்றிதழும் உண்டு. அல்வாலில் சித்தி வீடு இருப்பதால் அப்பா தலையாட்டினார்.

எனக்கு வந்த குட்டை ஜீடிமெட்லா தொழிற்பேட்டை தாண்டி இருந்தது. அல்வாலிலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ மாறினால் முக்கால் மணி நேரம், நாற்பது ரூபாய். கூட வரவேண்டிய தெலுங்குப் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். எனக்கோ சித்தி சொல்லிக்கொடுத்த நாலு இந்தி வார்த்தைதான் மூலதனம்.

கரையில் எருமை வளர்க்கும் ரஹீமாம்மாவிடம், இங்கே என்னென்ன வரும் என்று கையைக் காலை ஆட்டிக் கேட்டேன். அனுமதி வாங்கி, போனில் பதிவும் செய்தேன். அவர் மூச்சுவிடாமல் பேசினார். எனக்குப் பிடிபட்டது "மைலா பஹுத் ஆதா, லிக்கோ" மட்டும்தான். மயில் நிறைய வருமாம், எழுதிக்கொள்ளச் சொல்கிறார்! எப்போது என்றேன். காலையில் என்றார்.

மறுநாள் விடியும்போதே சித்தப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். பைனாகுலரோடு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஓடை வழியாக நுரை பொங்கக் கறுப்புத் தண்ணீர் குட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்றம் தாங்காமல் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தேன். மயிலைத்தான் காணோம். எருமைகளைத் தண்ணீரிலிருந்து விரட்டிக்கொண்டிருந்த ரஹீமாம்மா என்னிடம் வந்து, "தேக்கே?" என்றார். பார்த்தாயா என்று அர்த்தம். பார்த்திருந்தால் "தேக்கி" என்று சொல்ல வேண்டும். "நை" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு எருமைகளின் பின்னாலேயே போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சித்தியிடம் இதைச் சொன்னேன். சித்தி சிரித்துக்கொண்டே பதிவைப் போடச் சொன்னாள். கேட்கக் கேட்கச் சிரிப்பு நின்றுவிட்டது.

"மயில் இல்லடி. மைலா. அழுக்கு. அழுக்குத் தண்ணி வருது, கன்னுக்குட்டி அதைக் குடிச்சிட்டுப் படுத்துக் கெடக்கு, எழுதிக்கோன்னு சொல்லிருக்கா."

பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். கண்ணுக்கு முன்னால் ஓடியதைப் பார்க்கவே இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த நாள் சித்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். கொட்டகையில் முளைக்குச்சியும் கயிறும் இருந்தன. கன்றுக்குட்டி இல்லை, முந்தின சாயங்காலம் செத்துவிட்டதாம். சித்தி நடந்ததைச் சொல்லி என் சார்பில் மன்னிப்புக் கேட்டாள். ரஹீமாம்மா திட்டவில்லை.

"சப் தேக்தே. கோயி நை லிக்தே," என்றார். எல்லாரும் பார்க்கிறார்கள், யாரும் எழுதுவதில்லை.

அவர் சொன்னதை எல்லாம் சித்தி சொல்லச் சொல்ல எழுதினேன். அமைப்பினர் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

இதுபோன்ற வேலைக்குப் போக நினைப்பவர்கள் பிப்ரவரியிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், தேய்ந்தாலும் கவலையில்லாத செருப்பு போதும். பாஷை தெரியாத ஊர் என்றால் அந்தப் பாஷை தெரிந்த ஒருவர் இல்லாமல் யாரிடமும் கேள்வி கேட்காதீர்கள். பதிவு செய்ததை அன்றைக்கே அவரிடம் போட்டுக் காட்டுங்கள். நான் ஒரு நாள் தாமதித்தேன். முன்னாலேயே தெரிந்திருந்தாலும் கன்று பிழைத்திருக்காது என்கிறாள் சித்தி. இருக்கலாம்.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் குட்டைக்குப் போனேன். நுரை வந்துகொண்டுதான் இருந்தது. ரஹீமாம்மா தடியோடு பக்கத்தில் வந்து நின்று, "தேக்கே?" என்றார்.

"தேக்கி," என்றேன்.