முப்பத்தொன்றுக்கு வெட்டிய கேக்

போன வருடம் ஆவணி மாதம் நடந்தது இது. தெல்லிப்பழையிலிருந்து யாழ்ப்பாண ரவுணில் உள்ள பயண முகவரிடம் போய், லண்டனுக்கு விமான ரிக்கற் போட்டேன். அங்கே என் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு விசா கிடைக்கும் முன்னரே எரித்தும் விட்டார்கள். செத்தவீட்டைக் கைபேசியில்தான் பார்த்தேன். அந்தியேட்டிக் கிரியைக்காவது போய் நிற்க வேண்டும் என்று துடித்தேன்.

சாதாரண இருக்கை ஒன்றும் மிச்சமில்லை. அண்ணையின் மகன், தான் பறந்து பறந்து சேர்த்த புள்ளிகளை வைத்து முதல் வகுப்பில் எடுக்கச் சொன்னான். ரிக்கற் போட்ட பெட்டை, "என்ன அன்ரி, இவ்வளவு அவசரமாப் போறியள்?" என்று கேட்டாள்.

"அண்ணை வீட்டிலை முப்பத்தொண்டு, பிள்ளை."

"ஓ, அப்ப கட்டாயம் நிக்கத்தானே வேணும்" என்றபடி கணினியில் ஏதோ தட்டினாள். எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்தாலும் முப்பத்தோராம் நாள் தீட்டான துடக்கைக் கழிப்போம். ஆள் செத்தாலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வோம். இரண்டுக்கும் பெயர் முப்பத்தொண்டுதான். அவள் எதை நினைத்துத் தட்டினாள் என்பது ஆகாயத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

இருக்கை என்றா சொல்வது? கதவு வைத்த குட்டி அறை. சூடான துவாய், செருப்பு, நீட்டிப் படுக்க மெத்தை. அண்ணை செத்ததால் கிடைத்த சொகுசு என்று நினைக்க நினைக்க அதில் சாயவே மனம் வரவில்லை. சாப்பாடு முடிந்ததும், பணிப்பெண்கள் மூன்று பேர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். கையில் கேக், மஞ்சள் கரடிப் பொம்மை. கேக்கில் புதுக் குழந்தைக்கு வாழ்த்து எழுதியிருந்தது. சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

எனக்கு ஆங்கிலம் விளங்கும், பேசத்தான் வராது. அடுத்த இருக்கையில் கோட்டுப் போட்ட ஒருவர். அவர் போனில் எங்கள் ஊர்த் தமிழ் கதைத்ததை ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

"தம்பி, இது அந்தியேட்டி. என்ரை அண்ணை செத்துப்போனார். உவையளுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ அக்கா, இப்ப சொன்னா அதுகளுக்குச் சங்கடம். பாவங்கள். சும்மா சிரிச்சுப்போட்டு வெட்டி விடுங்கோ."

வெட்டினேன். ஆம், வெட்டினேன்! அந்தியேட்டி முடியும் வரை மீன், முட்டை என்று எந்த மச்சமும் தொடமாட்டேன் என்று இருந்தவள், முட்டை போட்ட கேக்கை இந்தக் கையால் வெட்டினேன். படமும் எடுத்தார்கள். அந்த மனிதர் ஒரு துண்டு வாங்கி ரசித்துச் சாப்பிட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டு ஒரு பணிப்பெண் ஓடி வந்தாள். நான் சந்தோசத்தில் அழுவதாக அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார் அந்த மகான். அதோடு எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"வாயைப் பொத்தும்! நீரும் ஒரு மனிசனோ? உம்மடை கூடப்பிறந்தது செத்தாலும் இப்பிடித்தான் கேக் தின்னுவீரோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒன்றும் விளங்காத பணிப்பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். 'டெத்' என்ற ஒரு சொல் எனக்குத் தெரியாதா? என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அவளுடைய முகம் வாடிவிடும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இறங்கும்போது அந்தப் படத்தை ஓர் அழகான அட்டையில் வைத்துத் தந்தார்கள். அந்தியேட்டியில் அழுதபோதும் அது என் கைப்பைக்குள்தான் கிடந்தது. அண்ணையின் மனைவி, என் மச்சாளிடம் இன்று வரை நான் அதைக் காட்டவில்லை.

தப்பாகத் தட்டிய பெட்டையை மன்னித்துவிட்டேன். அந்தக் கோட்டுக்காரரைக்கூட என்றைக்காவது மன்னித்துவிடுவேன். ஆனால் அந்தப் படத்தில், முன்பின் தெரியாத நாலு பேருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று, செத்துப்போன அண்ணையை மறைத்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாளே ஒருத்தி, அவள்மீதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.