உட்கார்ந்துட்டேன்

இதைக் கதை என்று நினைத்தால் அது உங்கள் இஷ்டம். என் இடது குதிகாலில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. அப்பாவின் கையில் ஊசி ஏற்றிய இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. இரண்டும் நிஜம். அதே மாதிரி இதுவும் நிஜம். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு நடந்தது. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. யாரிடமாவது சொன்னால்தான் கொஞ்சமாவது கண்ணை மூட முடியும் போலிருக்கிறது.

அப்பா லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிப்ட் அவர் கைபட்டது. ஆனால் வேலைக்குப் போகிற இடமெல்லாம் மூட்டையோடு படியேறித்தான் போவார். லிப்ட் ஓடினால் அவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். அப்புறம் கம்பெனி அவரை ஆபீசில் போன் எடுக்கிற வேலையில் உட்கார வைத்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். சும்மா நடப்பது அப்பாவுக்கு வேப்பங்காய். அப்போதுதான் இந்தப் பெட்டி தேடுகிற விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

ஜியோகேச் என்பார்கள். யாரோ ஒருவர் மலையிலோ காட்டிலோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தைக் காட்டும் எண்களை இணையத்தில் போடுவார். போனில் அந்த எண்களை வைத்துக்கொண்டு நாம் போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கிற தாளில் நம் பட்டப்பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப ஒளித்துவிட்டு வர வேண்டும். பரிசெல்லாம் கிடையாது. அம்மா தையல்காரி. விஷயத்தைக் கேட்டதும், "கிடைச்சதை எடுத்துட்டும் வரக் கூடாதா? அதுக்கு என் கத்தரிக்கோலைத் தேடிக் குடுத்தா எனக்காவது உபயோகம்" என்றாள்.

அப்பாவின் பட்டப்பெயர் மாடிப்படி. எப்போதும் அவர் பின்னாலேயே போவதால் என் பெயர் வால்.

எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நெட்டை அக்கா. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பெட்டி தேடுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் சொன்ன ஒரு வழக்கம் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் உண்டு. கூட்டமாகத் தேடும்போது ஒருவர் கண்ணில் பெட்டி பட்டுவிட்டால், கையைக் காட்டக் கூடாது. சத்தம் போடக் கூடாது. மெதுவாக நாலு எட்டு தள்ளிப் போய் ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "உட்கார்ந்துட்டேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தொடர்ந்து தேட வேண்டும். அவரவர் கண்ணால் கண்டுபிடித்தால்தான் அது கணக்கு. உட்கார்ந்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

இந்த வட்டாரத்திலேயே பழைய பெட்டிகள் மொத்தம் ஐந்து. போனில் வழி பார்க்கிற வசதி வருவதற்கு முன்பே, நிதானம் என்ற பட்டப்பெயர்க்காரர் ஒளித்தவை. மூன்றை முன்பே பார்த்துவிட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இரண்டையும் முடித்துவிட வேண்டும் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பழசு. அதன் பக்கத்தை இணையத்தில் மூடிவிட்டார்கள். நெட்டை அக்காவிடம் கேட்டபோது, "அது இல்லண்ணே. விடுங்க" என்று பேச்சை மாற்றிவிட்டாராம். அவராலேயே கண்டுபிடிக்க முடியாத பெட்டி போலிருக்கிறது என்று அப்பா சிரித்தார். யாரிடமோ பழைய எண்களை வாங்கி வைத்திருந்தார்.

கிளம்பும்போது அம்மா நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை என் சட்டைப் பையில் போட்டுப் பித்தானையும் மாட்டினாள். அப்பாவிடம் கொடுத்தால் பேண்ட்டோடு சேர்த்துத் துவைக்கப் போட்டுவிடுவார். ஏற்கெனவே இரண்டு தடவை மாத்திரை சோப்புத் தண்ணீரில் கரைந்திருக்கிறது.

"வாலுன்னு பேர் வச்சா மட்டும் போதாது," என்றாள். "பின்னாலேயே போ. கண்ணை விட்டு மறைய விட்டுடாத."

நாலாவது பெட்டி மலையடிவாரத்தில் ஒரு பழைய கல் பாலத்துக்கு அடியில் இருந்தது. அங்கே போகவே மதியம் ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே அப்பா ஒரு கல்லில் சாய்ந்து, "உட்கார்ந்துட்டேன்" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நிமிஷம்கூட அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"கண்ணாடி போட்டும் தெரியலையா வாலு? கழட்டி அங்க வை. அது தனியாவே கண்டுபிடிச்சிரும்."

இப்படியே நான் கண்டுபிடிக்கிற வரை நக்கல். அது அவர் பழக்கம். உட்கார்ந்தால் வாய் ஓடும்.

அதற்கே எனக்குக் கால் கெஞ்சியது. குதிகாலில் செருப்பு கடித்து எரிச்சல். அப்பாவும் ஓய்ந்துதான் போயிருந்தார். ஆனாலும் மேலே ஏறினோம். பேச்சு குறைந்துவிட்டது. மூச்சு மட்டும்தான். பாதி வழியில் புழுங்குகிறது என்று அப்பா தன் சாம்பல் நிற மழைக்கோட்டைக் கழற்றி என் முதுகுப் பையில் திணித்தார். என்னுடையதும் அதே சாம்பல் நிறம். ஒரே கடையில் வாங்கினது. நான் கழற்றவில்லை. கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை.

மேலே போய்ச் சேரும்போது மணி நாலே கால். ஒரு மாடி வீடு உயரத்துக்கு ஒற்றைப் பாறை. சுற்றிலும் புதர். எண்கள் பழசு என்பதால் போன் அந்தப் பாறையைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து மூடுபனி வேறு ஏறி வந்தது.

நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம் வருகிறேன் என்றார் அப்பா. அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு பாறைதானே, சுற்றினால் எதிரில் வந்துவிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாறை இடுக்கில் கையை விட்டுத் தேடினேன். ஈர இலை. மண். வேர். ஒன்றுமில்லை. பனி நன்றாக இறங்கிவிட்டது. பத்து எட்டு தூரம் மங்கலாகத் தெரிகிறது, அதற்கு மேல் வெள்ளை.

அப்போது கேட்டது.

"உட்கார்ந்துட்டேன்."

அப்பா குரல். எனக்கு இடது பக்கம், கொஞ்சம் மேலே. திரும்பிப் பார்த்தேன். ஒரு மேட்டில், கல்லின் மேல், சாம்பல் மழைக்கோட்டு. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் கோட்டின் தொப்பி.

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தத் தடவையும் அவர்தானா? ஆனால் ஒரு நிம்மதியும் இருந்தது. உட்கார்ந்துவிட்டார். இனி மூச்சு வாங்க மாட்டார். நான் பாட்டுக்குத் தேடலாம்.

தேடினேன். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

நக்கல் எதுவும் வரவில்லை.

ரொம்பக் களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். நானே பேச்சுக் கொடுத்தேன். ஒரு குறிப்பாவது கொடுங்கள் என்றேன். பதில் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றேன். பதில் இல்லை. தலைகூட அசையவில்லை.

தூறல் ஆரம்பித்தது. என் கோட்டின் மேல் ஒவ்வொரு துளியும் விழுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. சொட்… சொட்… சொட்… நல்லவேளை, அப்பாவும் கோட்டு போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே மேட்டில் ஏறினேன். பை முதுகை அழுத்தியது.

பை.

நின்றுவிட்டேன்.

கையைப் பின்னால் விட்டுப் பையைத் தொட்டேன். ஜிப் பாதிதான் மூடியிருந்தது. உள்ளே வழவழவென்று… அப்பாவின் கோட்டு.

அந்த ஆள் எனக்கு மூன்று எட்டு முன்னால் இருந்தார். தூறல் பெய்துகொண்டிருந்தது. என் மேல் சத்தம் கேட்டது. அந்தக் கோட்டின் மேல் சத்தமே இல்லை.

"அப்பா?"



அப்போது கீழே… ரொம்பக் கீழே… பாறைக்கு அந்தப் பக்கம்… ஒரு இருமல். அப்பாவின் இருமல். எனக்குத் தெரியாதா அது?

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது மெதுவாக முதுகை நிமிர்த்தியது.

பேசியது.

"உட்கார்ந்துட்டேன்."

என் குரலில்.

என்னிடம் சொல்லவில்லை அது. கீழே இருக்கிறவரிடம் சொன்னது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. விழுந்தேன். எழுந்தேன். முழங்கை கிழிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி. ஒரு கை நெஞ்சில். கோட்டுக்குள் கையை விட்டேன். என் விரலுக்குச் சட்டைப் பையின் பித்தான் பிடிபடவே இல்லை. பிய்த்து எறிந்தேன். மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"ஏம்மா ஓடி வர்ற? நீ உட்கார்ந்துட்டேன்னு சொன்னியே."

"நான் சொல்லலப்பா."

"நாலு தடவை சொன்ன. அதான் நான் கூப்பிடல. எப்படியும் கண்டுபிடிச்சிட்டுத்தான் உன்னைக் கூப்பிடணும்னு…"

அவர் நெஞ்சு வலியோடு குனிந்து குனிந்து தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். மாத்திரை என் பையில். நான் எங்கேயோ பத்திரமாக உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பில் அவர். அவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பில் நான்.

கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்றார். நான் விடவில்லை. அந்தப் பாறை கண்ணுக்கு மறைகிற வரைக்காவது வாருங்கள் என்று அழுதேன். அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எட்டாக இறங்கினோம். பாறை மறைந்த பிறகுதான் உட்கார வைத்தேன். சிக்னல் கிடைத்ததும் போன் செய்தேன். ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் ஏறி வருவதற்குள் முழுதாக இருட்டிவிட்டது. அதுவரை அவரைப் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னேன். அவருக்குப் பேச எதுவும் மிச்சமில்லை. லிப்ட் கம்பெனிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அம்மா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டாவது நாள் நெட்டை அக்கா பார்க்க வந்தார். வெளியே வராந்தாவில் என்னைத் தனியாக உட்கார வைத்து, எந்தப் பெட்டிக்குப் போனோம் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. நான் பாறையைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன். குரலைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை.

அங்கே பெட்டியே கிடையாது என்றார் அக்கா. பதினொரு வருஷத்துக்கு முன்னாலேயே எடுத்துவிட்டார்களாம். நிதானம் இறந்த அடுத்த வாரம், அவர் வீட்டுக்காரம்மா ஆள் அனுப்பி எடுக்கச் சொன்னாராம். கடைசியாக நிதானம்தான் புது ஆட்கள் நாலு பேரை அங்கே கூட்டிப் போயிருக்கிறார். அந்த நாலு பேரில் அக்காவும் ஒருவர். ஒளித்தவருக்கு இடம் தெரியும் என்பதால், போனதுமே அவர் ஒரு மேட்டில் ஏறி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார். அந்த வழக்கத்தை ஆரம்பித்ததே அவர்தானாம். மற்றவர்கள் தேடினார்கள். இரண்டு மணி நேரம். உட்கார்ந்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது அல்லவா? பெட்டி கிடைத்து, அதைக் காட்ட மேலே போனபோது அவர் விறைத்துக் கிடந்தார்.

"உட்கார்ந்த உடனேயே உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொன்னார்" என்றார் அக்கா.

அப்புறம் தன் வேன் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாங்க ஏன் போய்ப் பார்க்கலன்னு எல்லாரும் கேட்டாங்க. என்னன்னு சொல்றது? அவர்தான் நடுநடுவுல சொல்லிட்டே இருந்தாரே. கடைசி வரைக்கும். உட்கார்ந்துட்டேன்… உட்கார்ந்துட்டேன்னு."

நான் எழுந்து உள்ளே அப்பாவின் கட்டிலருகே போய் நின்றேன்.

இப்போது வீட்டில் எல்லா விளக்கும் அணைந்துவிட்டது. அப்பாவால் மல்லாந்து படுக்க முடியவில்லை. ஹாலில் சாய்வு நாற்காலியில்தான் தூங்குகிறார். நான் இங்கிருந்தே அடிக்கடி "அப்பா" என்று கூப்பிடுவேன். "ம்… இருக்கேன்" என்பார். முதல் இரண்டு ராத்திரி அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போதும் கூப்பிட்டேன். "ம்… இருக்கேன்" என்று பதில் வந்தது. அவர் குரல்தான்.

ஆனாலும் எழுந்து போகிறேன். காதால் கேட்டால் போதாது. முன்னால் போய் நின்று முகத்தைப் பார்க்க வேண்டும்.