எழுமலைக் கிணற்றில் ஒரு வெள்ளைக் கோடு

2008 ஜூலை. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு நூற்று நாற்பது டாலரைத் தாண்டிவிட, என் பைக் மதுரை கே.கே. நகர் வீட்டு வாசலில் ஓய்வெடுத்த நேரம். புலம்புவதைவிட எண்ணெய் எடுக்கிறவனையே கேட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிறு கிளம்பினேன். கல்லூரித் தோழன் முத்துப்பாண்டிக்கு மும்பைக் கடலில் எண்ணெய் மேடையில் வேலை. இருபத்தெட்டு நாள் கடல், இருபத்தெட்டு நாள் சொந்த ஊர் எழுமலை. செவ்வாயன்று விடுப்பு முடிகிறது.

கோரிப்பாளையம் வழியாக ஆரப்பாளையம் போய், 5.50க்கு உசிலம்பட்டி பஸ் பிடித்தேன். 40 கி.மீ., பன்னிரண்டு ரூபாய். வலப்பக்க சன்னலில் உட்காருங்கள், நாகமலை கொஞ்ச தூரம் கூடவே வரும். உசிலம்பட்டியிலிருந்து எழுமலை 15 கி.மீ., ஐந்து ரூபாய். 7.45க்குப் பாண்டியின் மல்லிப்பூத் தோட்டத்தில் நின்றேன். பேப்பரில் தினமும் வருகிற ‘பிரென்ட் விலை’ என்றால் என்ன என்று கேட்டேன்.

“பிரென்ட்ங்கிறது வடகடல்ல ஒரு எண்ணெய் வயல் மாப்ள. அதோட பேரச் சொல்லித்தேன் உலகத்துல பாதி எண்ணெய்க்கு விலை பேசுறாக. அந்த வயலே வத்திக்கிட்டு வருது. பக்கத்து வயல் எண்ணெயச் சேத்துத்தேன் பேர ஓட்டுறாக. எங்க வயலும் இறங்குமுகந்தேன்” என்றான்.

வற்றுகிற வயலின் பெயரில் உலகத்துக்கே விலையா! நான் வாய் பிளந்து நிற்க, அவன் கிணற்றைக் காட்டினான். உள்சுவரில் வெள்ளை பெயிண்ட் கோடு. தண்ணீர் அதுவரை இறங்கினால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் மேடையிலும் இப்படித்தான், வால்வை முழுசாகத் திறக்க மாட்டார்களாம். அவசரமாக உறிஞ்சினால் அடித்தண்ணீர் ஏறி, எண்ணெய் உள்ளேயே சிக்கிவிடும். போன கோடையில் கிணறு வற்றி, பாதி மல்லி கருகிய பிறகு வரைந்த கோடு இது. எனக்கு அவன்மேல் அம்புட்டு மரியாதை வந்தது.

பூ எடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ராஜாத்திக்கு வரவில்லை. “முகூர்த்த மாசம், பூ விலை எம்புட்டு ஏறிக் கெடக்கு! இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டுனா என்னங்க?”

“விலை ஏறுதேன்னு உறிஞ்சக் கூடாது. அங்க வத்துனா நான் வேற கடலுக்குப் போயிருவேன். இது வத்துனா எங்க போவோம்?”

ராஜாத்தி பூக்கூடையோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். செவ்வாய்க்குப் பிறகு மோட்டார் சுவிட்ச் அவர் கையில். கோடு தாங்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். குடையும் தண்ணீரும் அவசியம். எண்ணெய் மேடைக்காரரிடம் பெட்ரோல் எப்போது குறையும் என்று கேட்காதீர்கள், சிரிப்பார்.

ஆனியின் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போன் போட்டேன். பாண்டி கடலில். ராஜாத்தி எடுத்தார்.

“அண்ணே, லைன்லயே இருங்க. தண்ணி கோட்டுக்கு வந்துருச்சு, மோட்டார அமத்திட்டு வாரேன்.”

எஸ்.டி.டி. காசு ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று காத்திருந்தேன்.