அறுநூறுக்குள் ஒரு வண்டி

லாரி ஓட்டுநர்கள் அவளைக் ‘கிலோ அக்கா’ என்றே அழைப்பார்கள். ஜல்லியும் மணலும் ஏற்றிக்கொண்டு வெளியேறும் வண்டிகளை எடைமேடையில் நிறுத்தி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எண்ணைப் பார்த்து, போகலாம் அல்லது இறக்கு என்று சொல்வது அவள் வேலை. பதினான்கு ஆண்டுகளில் அவள் ஒரு வண்டியைக்கூட அளவுக்கு மீறி வெளியே விட்டதில்லை. கெஞ்சிப் பார்த்தவர்கள் உண்டு, சிரிக்கவைத்துப் பார்த்தவர்களும் உண்டு.

“அக்கா, நாப்பது கிலோதான் கூடுதல். அது நான் சாப்பிட்ட சாப்பாடு.”

“அப்படீன்னா நீங்க இறங்கி இங்கயே நில்லுங்க. வண்டி தனியாப் போகட்டும்.”

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வீட்டில் காரும் இல்லை. ஆனால் ஒரு காரில் எதை மாற்றினால் அது எப்படி ஓடும் என்பதை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள, அந்த வட்டாரத்தின் விளையாட்டுக்கூடத்தில் எப்போதும் இரண்டு பேராவது காத்திருப்பார்கள். அவர்கள் கேட்பது சாலையில் ஓடும் காரைப் பற்றியன்று, திரையில் ஓடும் காரைப் பற்றி.

இந்தப் பழக்கம் தொடங்கியது வீட்டு முன்னறையில். கணவரின் தம்பி, கூரியர் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன், விடுமுறை நாள் முழுவதும் கார்ப் பந்தய விளையாட்டில் மூழ்கிக் கிடப்பான். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அவள் கண்ணில் காரும் படவில்லை, மலைப்பாதையும் படவில்லை. திரையின் ஓரத்தில், காரின் பெயருக்கு அருகில் இருந்த மூன்று இலக்க எண் ஒன்றுதான் பட்டது.

“தம்பி, அது என்ன நம்பர்?”

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அண்ணி?”

“நாள் பூரா நம்பர்தான் பாக்குறேன். இதையும் பாத்துட்டுப் போறேன். சொல்லு.”

அவன் சொன்னான். ஒவ்வொரு காருக்கும் அதன் வலு, பிடிப்பு, எடை, நிற்கும் திறன் எல்லாவற்றையும் கணக்கிட்டு விளையாட்டே ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணைக் கொண்டு கார்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்படும். நானூறு வரை டி, ஐந்நூறு வரை சி, அறுநூறு வரை பி, எழுநூறு வரை ஏ. காரில் புதிய பாகம் பொருத்தினால் எண் ஏறும். எல்லையைத் தாண்டி ஒரு புள்ளி ஏறிவிட்டாலும் கார் அடுத்த வகுப்புக்குப் போய்விடும். பிறகு அந்தப் பந்தயத்தின் வாசலிலேயே அதற்கு இடமில்லை.

“சரிதான். இதுவும் எடைமேடைதான்” என்றாள் அவள். மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

அன்றிலிருந்து நான்கு ஆண்டுகள். ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை புள்ளி ஏறுகிறது என்று அவள் குறித்து வைத்திருக்கிறாள். ஒரு லாரி போய் அடுத்த லாரி வருவதற்குள் கிடைக்கும் பத்து நிமிடங்களில் கூட்டிக் கழித்துப் பார்ப்பாள். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு அவளுக்கு முதல் மாதத்திலேயே புரிந்துவிட்டது. கிடைத்த புள்ளிகளையெல்லாம் எஞ்சினில் கொட்டுவார்கள், டர்போ பொருத்துவார்கள், டயர் பழையதாகவே இருக்கும். நேர்ச்சாலையில் அம்பாகப் பாயும் வண்டி முதல் வளைவிலேயே வேலியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அவளோ எஞ்சினைத் தொடவே மாட்டாள். முதலில் டயர், பிறகு எடைக் குறைப்பு, பிறகு பிரேக். மிஞ்சியதில் கியர்பாக்ஸ். அமைத்த காரை விளையாட்டுக்கூடத்தில் தானே நாலு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். அவள் அமைத்துக் கொடுத்த கார்களை ஓட்டித்தான் விளையாட்டுக்கூடத்தின் நால்வர் அணி, பக்கத்து ஊர்களுடன் நடக்கும் தொடரில் இரண்டு முறை கோப்பை வாங்கியது. ஆனால் தொடரின் பட்டியலில் ஓட்டியவர்களின் பெயர் மட்டுமே ஏறும். கார் அமைத்தவருக்கு அதில் கட்டமே கிடையாது.

இந்த ஆண்டு அணியில் ஒருவர் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். நான்காம் இடம் காலியானது. கொழுந்தன் பெயர் கொடுத்தான். அதே தாளில், அவன் பெயருக்குக் கீழே, அவளும் தன் பெயரை எழுதினாள். அவளுக்கு அந்த இடம் வேண்டும். தான் அமைக்கும் காரைத் தானே ஓட்டி, அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

செய்தி தெரியாத கொழுந்தன் அன்று மாலை சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“அண்ணி, ஞாயித்துக்கிழமை பி வகுப்பு. மூணு ஓட்டம். எனக்கு ஒரு நல்ல வண்டியாக் கட்டிக் குடுங்களேன்.”

“யார்கூடப் போட்டின்னு கேட்டியா?”

“யாரா இருந்தா என்ன? ஊதித் தள்ளிடலாம்.”

“அப்ப இங்கயே ஊது. எதிர்லதான் நிக்கிறேன்.”

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். மின்பணியாளரான அந்த மனிதர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“என்னைப் பாக்காதடா. நான் ரெண்டு பக்கமும் கை தட்டுவேன். யாரு ஜெயிச்சாலும் எனக்குச் சோறு வேணும்.”

ஞாயிறு காலை பத்து மணி. விளையாட்டுக்கூடம் என்பது மாடியில் ஒரு நீண்ட அறை. வரிசையாகத் திரைகள், ஸ்டீயரிங், காலால் மிதிக்கும் பெடல்கள், கிழிந்து ஒட்டுப்போட்ட இருக்கைகள். அதை நடத்துபவருக்கு ‘விசில்’ என்று பெயர். ஒவ்வொரு பந்தயத்தையும் அவர் விசில் அடித்தே தொடங்கிவைப்பார்; திரையில் விளக்கு எரிவது அவருக்குப் போதாது. அவர் விதிகளைச் சொன்னார். இருவருக்கும் ஒரே சிறிய கார், தொடக்க எண் நானூற்று முப்பது. அவரவர் காரை அவரவரே அமைக்க வேண்டும். அறுநூறுக்கு மேல் போகக் கூடாது. மூன்று ஓட்டம், இரண்டில் வென்றவருக்கு இடம். ஓட்டங்களுக்கு நடுவே பத்து நிமிடம் காரை மாற்றிக்கொள்ளலாம்.

அவள் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நிறுத்தினாள். பந்தய டயர், எடைக் குறைப்பில் மூன்றாம் படி, பிரேக், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ். ஆயிரத்து நூறு கிலோ வண்டி எண்ணூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கிவிட்டது. கொழுந்தன் சரியாக அறுநூறு. டர்போவும் பெரிய எஞ்சினும் சேர்ந்து அவன் வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது.

முதல் ஓட்டத்தில் இரண்டு சுற்றுவரை அவள்தான் முன்னால். மூன்றாம் சுற்றில், குறுகிய பாலத்துக்கு முன்னுள்ள வளைவில், அவன் வண்டி பக்கத்தில் வந்து லேசாக உரசியது. லேசாகத்தான். அவள் வண்டி காகிதம் போலப் பறந்து ஆற்றோரத் தடுப்பில் போய் உட்கார்ந்தது.

“இடிச்சிட்டான்!” என்றார் கணவர், நடுநிலையை மறந்து.

“உரசல் ஆட்டத்துல உண்டு” என்றார் விசில். “முதல் ஓட்டம் தம்பிக்கு.”

“அண்ணி, வண்டில எடையே இல்லையே! துணி காயப்போடுற கொடியில கட்டி வெச்சிருந்தீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான் கொழுந்தன்.

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குப் பட்டது. பதினான்கு ஆண்டுகளாக எடையைக் குறை, எடையைக் குறை என்று சொல்லிச் சொல்லி, எடை என்றாலே குற்றம் என்று எண்ணிப் பழகிவிட்டாள். வேறு யாருக்கும் வந்திருக்காத பிழை அது. தனியே ஓடும்போது அந்த இலேசான வண்டிக்கு நிகரில்லை. பக்கத்தில் இன்னொரு வண்டி தோள் கொடுத்து நெருக்கும்போது நின்று தாங்க அதற்கு உடம்பில்லை.

எடைக் குறைப்பை மூன்றாம் படியிலிருந்து முதல் படிக்கு இறக்கினாள். வண்டி ஆயிரத்து முப்பது கிலோவுக்கு ஏறியது. எண்ணோ முப்பத்தாறு புள்ளி கீழே போயிற்று.

“என்ன அக்கா இது, கழட்டி எறிஞ்சதை எல்லாம் திரும்பி ஏத்துறீங்க?” என்றார் விசில்.

“ஏத்தினா நம்பர் குறையுது. குறைஞ்ச நம்பருக்கு வேற வாங்கலாம். இங்க மட்டுந்தான் பாரம் ஏத்துனா லாபம்.”

கிடைத்த முப்பத்தாறில் இருபத்திரண்டை அகலமான டயருக்குக் கொடுத்தாள். மீதிப் பதினான்கில், வாழ்வில் முதல்முறையாக, எஞ்சினில் கை வைத்தாள். பெரிதாக ஒன்றுமில்லை, நல்ல காற்று வடிகட்டி ஒன்று. மறுபடியும் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

இரண்டாம் ஓட்டத்தில் கொழுந்தனுக்கு உரச வாய்ப்பே கிடைக்கவில்லை. கடைசிச் சுற்றின் கொண்டையூசி வளைவில் அவன் வேகத்தை அவன் பிரேக்கால் பிடிக்க முடியவில்லை. வண்டி நேராகப் புல்வெளிக்குள் போய், அங்கிருந்து வழி கேட்டுக்கொண்டு திரும்புவதற்குள், அவள் எல்லைக்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள்.

“மாடு மேய்க்கப் போயிட்டியாடா?” என்றார் அண்ணன்.

“நீ ரெண்டு பக்கமும் கை தட்டுற லட்சணம் இதுதானா?”

ஆளுக்கொரு ஓட்டம். அடுத்த பத்து நிமிடத்தில் கொழுந்தன் பரபரவென்று பாகங்களை மாற்றினான். வேகத்துக்காக மாட்டியிருந்த பெரிய புகைப்போக்கியைக் கழற்றினான், பதினேழு புள்ளி இறங்கியது. நல்ல பிரேக் பொருத்தினான், பதினான்கு ஏறியது. அதோடு நிறுத்தியிருந்தால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு. ஆனால் பார்க்க அழகாக இருந்த ஒரு ஜோடி சக்கரத்தின்மேல் அவன் கண் போயிற்று. மாட்டிவிட்டு எண்ணைப் பார்க்காமலே சேமித்துவிட்டான்.

விசில் திரையை எட்டிப் பார்த்தார். “தம்பி, அறுநூத்தி ஒண்ணு. உன் வண்டி ஏ வகுப்புக்குப் போயிடுச்சு. உள்ள விடாது. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. சரி பண்ணலேன்னா ஓட்டம் அண்ணிக்கு.”

கொழுந்தன் திரைக்குத் தாவினான். ஒரு பட்டியலைத் திறந்தான், மூடினான், இன்னொன்றைத் திறந்தான். டர்போவைக் கழற்றினால் முப்பது போய்விடும், வண்டி நொண்டும். பிரேக்கைக் கழற்றினால் மறுபடி புல்வெளி. சக்கரம் வெறும் அழகுக்கு, அதில் புள்ளி ஏறாது என்றே நினைத்திருந்த அவனுக்கு, அந்த ஒரு புள்ளி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இடம் அவளுடையது. அப்படிக் கிடைத்தால் நாளை என்ன பேசுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அண்ணி ஓட்டியா ஜெயிச்சாங்க, நம்பர்ல ஜெயிச்சாங்க என்பார்கள். கார் அமைக்கும் வேலைக்குத்தான் நீங்க சரி என்று மறுபடியும் அதே நாற்காலியில் உட்காரவைப்பார்கள். எல்லை மீறிய வண்டியை அவள் விட்டதில்லை. எதை இறக்கினால் போகலாம் என்று சொல்லாமல் எந்த ஓட்டுநரையும் நிறுத்திவைத்ததும் இல்லை.

“தம்பி, முன் டயர் அகலம். ஒரு படி இறக்கு.”

அவன் சந்தேகத்தோடு பார்த்தான். “என்ன அண்ணி, கவுக்கப் பாக்குறீங்களா?”

“இறக்கச் சொல்றதுதான் என் வேலை. கவுக்கிறதை ரோட்டுல வெச்சுக்கலாம். நேரம் ஓடுது.”

அவன் இறக்கினான். மூன்று புள்ளி போய், ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எண் மாறியது. வகுப்பின் எழுத்து மறுபடி பி ஆனது. விசில் ஊதினார்.

இந்த முறை அவன் நன்றாகவே ஓட்டினான். பிரேக் பிடித்தது, கொண்டையூசி வளைவில் கோடு போட்டதுபோலத் திரும்பினான். நேர்ச்சாலையில் அவன் முந்துவான், வளைவுகளில் அவள் முந்துவாள். இரண்டு சுற்று இப்படியே மாறி மாறிப் போயிற்று. கணவர் கைதட்டுவதை விட்டுவிட்டு இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் சுற்றில் பாலத்து வளைவு வந்தது. இரண்டு வண்டியும் பக்கம் பக்கமாக நுழைந்தன. முன்பு செய்ததைப் போலவே அவன் உள்ளே சாய்ந்து நெருக்கினான்.

இரும்போடு இரும்பு உராயும் ஓசை கேட்டது. அவள் ஸ்டீயரிங்கை ஒரு நூலளவுகூடத் திருப்பவில்லை. ஆயிரத்து முப்பது கிலோவும் அகன்ற டயர்களும் தரையைக் கவ்விக்கொண்டு நின்றன. நகர்ந்தது அவன் வண்டிதான். ஓர் அடிதான் விலகியது. அந்த ஓர் அடியில் அவள் பாலத்தில் ஏறிவிட்டாள். அதற்குப் பின் எல்லைக்கோடுவரை இருந்த சின்ன நேர்ச்சாலையில் டர்போ எவ்வளவோ கத்திப் பார்த்தது. அரைக் கார் நீளம் மிச்சம் வைத்து அவள் கடந்தாள்.

கொழுந்தன் பெடலிலிருந்து காலை எடுத்தான். பிறகு இருக்கையைத் திருப்பினான்.

“அந்த டயரைச் சொல்லாம விட்டிருந்தா இப்படி வேர்த்திருக்க வேண்டாமே அண்ணி.”

“நல்லா ஓட்டினே. பிரேக்கை முன்னாடியே போட்டிருந்தா எனக்கு இன்னும் வேர்த்திருக்கும்.”

“அடுத்த வருஷம் என் வண்டியை நானே ஒழுங்காக் கட்டுறேன், பாருங்க.”

“கட்டு. நம்பரைப் பாத்துக் கட்டு.”

விசில் அணித் தாளை எடுத்து நான்காம் வரியில் அவள் பெயரையும், பக்கத்தில் ஓட்ட வரிசைக்கு நான்கு என்றும் எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“தொடர்ல ஓட்டத்துக்கு ஒரு ஆள். முதல் ஓட்டம் சி வகுப்பு. புதுசா வர்றவங்களைக் கடைசில விடுறதுதான் வழக்கம். உங்களையும் நாலாவதாப் போடட்டுமா அக்கா?”

“ஐநூறுக்குள்ள வண்டி கட்டி ஓட்ட அந்த மூணு பேர்ல யாருக்கு வரும்?”

விசில் தாளிலிருந்த மற்ற மூன்று பெயர்களையும் ஒருமுறை படித்துப் பார்த்தார். 

“என்னை முதல்ல போடுங்க” என்றாள் அவள்.

அவர் நான்கு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஒன்று என்று எழுதினார்.