வல்லைவெளியில் என் முறை

நேற்றுப் பின்னேரம் விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் மணம் என்னை எங்கே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு ரொறன்ரோவில் இருக்கும் மகள் வைத்த பெயர் கிரவல் பைக். இரும்புச் சட்டம், அகல ரயர், ஏற்றத்துக்கு இலேசான கியர். ரோட்டிலும் ஓடலாம், தோட்டத்து வரம்பிலும் ஓடலாம். சட்டம் மட்டும் புதிதல்ல, என் மனைவி யோகத்தின் பழைய லேடீஸ் சைக்கிளுடையது. கிரவல் என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒழுங்கைக்குப் போட வந்த கிரவல் கல்லில்தான் போன வருடம் சைக்கிளோடு சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்தாள். எலும்பு பொருந்திவிட்டது, பயம் போகவில்லை. "உந்தச் சாமானை இனி என்ரை கண்ணிலை காட்டாதேங்கோ" என்று வீட்டோரப் பத்திக்குள் தள்ளச் சொல்லிவிட்டாள். சந்தைக்கும் கோயிலுக்கும் தானே மிதித்துப் போனவள், ஓட்டோவுக்குக் காத்திருந்து காத்திருந்து, பிறகு வெளியே போவதையே விட்டுவிட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை.

அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன். நான் கணக்கு வாத்தி. நட்டுத் திருகும் சாவியைக் கையில் எடுத்தால் எதையாவது உடைத்துவிட்டுத்தான் வைப்பேன். பிரேக் கட்டைகளை முன்பின்னாக மாட்டி, சில்லு சுற்றவில்லையே என்று அரை நாள் யோசித்தேன். கியர் பூட்டிய பின்சில்லுக்குச் சட்டத்தின் பின்கவட்டில் இடம் காணாமல் மருதனார்மடத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். "இரும்பெண்டபடியா விரிக்கலாம் மாஸ்டர்" என்று கடைக்காரர் மெதுவாக நெம்பி விரித்துத் தந்தார். கீறல் விழுந்த பழைய பச்சைப் பெயின்ற்றை நான் சுரண்டவில்லை. அந்தப் பச்சையைப் பார்த்தபடிதானே ஒரு சோளகக் காற்றுக் காலம் முழுக்க மிதித்தேன்.

அப்போது சண்டைக் காலம், பஸ் ஓடாது, பெற்றோல் கிடையாது. இணுவிலிலிருந்து புத்தூர் போய், வல்லைவெளி தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தேன். எண்ணெய் கிடைக்காத செயினுக்கு மண்ணெண்ணெய் காட்டித்தான் ஓடுவோம். வல்லைவெளியில் மரம் இல்லை, வீடு இல்லை, காற்று மட்டும் இருக்கும். காலையில் முதுகைத் தள்ளிவிடும் சோளகம், பின்னேரம் நெஞ்சில் கைவைத்து மறிக்கும். ஆகவே திரும்பும்போது ஒருவரும் தனியே வெளிக்குள் இறங்கமாட்டார்கள். வெளியின் தொடக்கத்தில் காலூன்றி நின்று, தெரிந்தவர் தெரியாதவர் ஏழெட்டுப் பேர் சேர்ந்த பிறகு வரிசையாக வெளிக்கிடுவோம். முன்னால் போகிறவர் காற்றைத் தன் நெஞ்சில் வாங்குவார், பின்னால் வருகிறவர்களுக்கு அவர்தான் மறைப்பு. களைத்தால் பின்னுக்கு வர, அடுத்தவர் முன்னுக்குப் போவார். அதற்கு முறை என்று பெயர்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. கொஞ்ச நாள் கள்ளமாகப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். வெங்காய மூட்டையோடு வரும் பெரியவர் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

"எல்லாரும் இழுத்தாச்சு. இனி உம்மடை முறை மாஸ்டர்."

மானம் போகக்கூடாதே என்று முன்னுக்குப் போனேன். நாலு மிதி மிதிக்க நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கியது. அப்போது ஒரு பச்சை லேடீஸ் சைக்கிள் என்னைத் தாண்டி வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூட ரீச்சர், புத்தூரில் தோட்டம் செய்கிறவர் வீட்டுப் பிள்ளை. பின்னலைக் கொண்டையாக முடிந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள்.

"மாஸ்டர், பின்னாலை வாங்கோ. உங்கடை முறையையும் நானே எடுக்கிறன்."

"பொம்பிளைப் பிள்ளைக்குப் பின்னாலை ஒளிக்கிற ஆம்பிளையை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க எனக்கு மூச்சு இருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அவள் தன் முறையோடு என் முறையையும் எடுத்தாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் கூட. பிறகு வீட்டாரோடு பெண் பார்க்கப் போனபோது, தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றவளின் முகம் கொஞ்சம் புதிதாகவே இருந்தது.

இன்று காலை சைக்கிளை முற்றத்தில் நிறுத்தினேன். யோகம் பச்சைச் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். பெல்லை ஒருதரம் அடித்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் என் சைக்கிளில் பக்கத்திலேயே போனேன். தோட்டத்து ஒழுங்கை தொடங்கும் இடத்தில், கிரவலைக் கண்டதும் காலூன்றி நின்றுவிட்டாள். சோளகம் முகத்தில் அடித்தது.

"ஏன் நிண்டிட்டீர்?"

"ஆக்கள் சேரட்டும்" என்றாள்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வல்லைவெளியில் இப்போது வழுவழுவென்று தார் ஊற்றிய கார்ப்பெட் ரோட்டு. கண்ணாடி பூட்டிய வான்களுக்குச் சோளகமும் தெரியாது, வாடையும் தெரியாது. வெங்காய மூட்டைப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்களோடு வரிசையில் வந்தவர்களில் யார் எந்த நாட்டில் என்று எனக்குத் தெரியாது, சிலர் இருக்கிறார்களா என்றும் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவருக்காகக் காற்றின் வாசலில் யாரும் இப்போது காத்து நிற்பதில்லை.

"இனி ஆர் யோகம் வரப்போகினம்?"

அவள் ஒழுங்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப இண்டைக்கு உங்கடை முறை. முன்னுக்குப் போங்கோ."

இழுப்புப் பம்பைச் சேட்டுப் பொக்கற்றில் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு முன்னுக்குப் போனேன். நெஞ்சு பழையபடி விசில் அடித்தது. கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு எனக்குப் பின்னால், அகல ரயரின் கீழே கிரவல் நெரியத் தொடங்கியது.