கரடி அத்தையின் கண்

4,318ஆவது தடவையாகப் பந்தை இடம் மாற்றுகிறார் இந்தப் பெண்மணி. சிவப்புப் பெட்டியிலிருந்து நீலப் பெட்டிக்கு. சத்தம் வராமல் மூடியை அழுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் கேட்கிறார்: "கரடி வெளியே போயிருக்கு. திரும்பி வந்ததும் பந்தை எங்க தேடும்?"

பந்தைச் சிவப்புப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மேசைக்கடியில் போனது பொம்மைக் கரடி. இடம் மாறியது அதற்குத் தெரியாது. ஆனாலும் மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் நீலத்தைத்தான் காட்டும். தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கும் வயது. நாலரை வயதில் அதே குழந்தை சிவப்பைக் காட்டிவிட்டு, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்க்கும். அடுத்தவருக்கும் தனியாக ஒரு மனசு இருப்பது இடையில் எப்போது பிடிபடுகிறது என்று இந்தப் பல்கலைக்கழக ஆய்வறையில் ஆராய்கிறார்கள். பதினோரு வருடமாகக் கேள்வி கேட்கும் வாய் இவருடையது. குழந்தைகளுக்குக் கரடி அத்தை. கடைத்தெருவில் அவர்களுடைய அம்மாக்களும் அப்படியேதான் கூப்பிடுகிறார்கள்.

ஐம்பத்திரண்டு வயது. வேலை நேரம் முழுக்க முழங்கால் உயர நாற்காலியில். எழும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, மூன்றைச் சொல்லாமலே எழுந்துவிடுவார். வாரத்துக்கு எட்டுப் பத்துக் குழந்தைகள். எல்லாருக்கும் ஒரே சொற்கள், ஒரே கரடிக் குரல். "எனக்கே அலுத்துப்போச்சு. கரடிக்கு எவ்வளவு அலுத்திருக்கும், பாவம்" என்கிறார். அதன் இடது காது மூன்று தடவை தைக்கப்பட்டது. கடைசித் தையல் பச்சை நூலில்.

வீட்டிலும் இதே ஆட்டம்தான். பேருந்து ஓட்டும் கணவர் மூக்குக்கண்ணாடியை ஜன்னலோரம் வைப்பார். இவர் துடைக்கிற வேகத்தில் அதை அலமாரியில் போட்டிருப்பார். மனிதர் ஜன்னலோரத்தையே நாலு முறை தடவுவார்.

"வெச்ச இடத்துலயே தேடுறீங்க பாருங்க. எங்க கரடியேதான்."

"நீ எடுத்து வெச்சது எனக்கெப்படிடி தெரியும்?"

"அதான் சொல்றேன், கரடின்னு."

போன மாதம் வந்தது வினை. ஆய்வை நடத்தும் பேராசிரியை பழைய வீடியோ பதிவுகளை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார். கேள்வி முடிந்ததும் அத்தையின் கண் ஒரு நொடி சிவப்புப் பெட்டிக்குப் போய்த் திரும்புகிறது. குழந்தை பெட்டிகளைப் பார்க்கவே இல்லை. அத்தையின் முகத்தைப் பார்க்கிறது, பிறகு சிவப்பைக் காட்டுகிறது. அறுபத்திரண்டு குழந்தைகளின் பதில்களைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

"தப்பாச் சொல்லப்போகுதுன்னு தெரிஞ்சாலே எனக்கு மனசு கேக்காது" என்கிறார் அத்தை. "நல்லாத் தூங்கி எழுந்த அன்னிக்கு அடக்கிக்குவேன். அசந்துட்டா கண்ணு தன்னால போயிடுது."

பேராசிரியையிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டாராம். "என் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்குதுங்கன்னா, அதுவும் மனசைப் படிக்கிறதுதானே மேடம்?"

"ஆமாக்கா. ஆனா அந்தப் பரீட்சையை நாம வைக்கலையே."

முதலில் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு குழந்தைகள் வீறிட்டு அழுததில் அது மேசை இழுப்பறைக்குள் போனது. பிறகு மேசையில் ஒரு மஞ்சள் பொட்டு ஒட்டினார்கள். கேள்வி கேட்டதும் கண் அதில் நிற்க வேண்டும், பதில் வரும்வரை நகரக் கூடாது. இந்த வாரத்துக்குள் பத்துப் பதிவுகள் பிசகில்லாமல் அமைந்தால் அத்தை தொடரலாம். அவர் ஒரு விதியை மீறினாலும் திங்கட்கிழமையிலிருந்து கேள்வியைக் கணினித் திரை கேட்கும். அத்தை மாடியில் கோப்பறைக்குப் போவார்.

"அங்க யாரும் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டாங்க. ஒரு விதத்துல நிம்மதி" என்றார் தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே. கழுவி முடித்துக் கவிழ்த்துவிட்டு, "பகல் பூரா யார்கூடப் பேசுறது? பீரோகூடவா?" என்றார்.

விதிகளில் பழையது ஒன்று உண்டு. கரடி திரும்பி வரக் கூடாது. ஆறு மாதம் கழித்து அதே குழந்தையிடம் அதே கேள்வியைக் கேட்பார்கள். விடையை இன்றே காட்டிவிட்டால் அந்தக் குழந்தை இனி ஆய்வுக்கு உதவாது. அதனால் பதில் வந்ததும் ஆட்டம் முடிந்தது, போய் வா. பதினோரு வருடத்தில் கரடி ஒரு தடவைகூடப் பந்தை எடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை பகலுக்குள் ஒன்பது பதிவுகள் முடிந்தன. ஒன்பதும் சுத்தம். பத்தாவதாக வந்தவளுக்கு நாலு வயது நிரம்ப ஒரு மாதம் இருந்தது. முழங்காலில் பிளாஸ்திரி. வந்ததும் முதல் வேலையாகக் கரடியின் பச்சைத் தையலைத் தடவிப் பார்த்து, "வலிச்சுதா?" என்று அதனிடமே கேட்டாள்.

பந்து மாறியது. கேள்வி வந்தது. அத்தையின் கண் மஞ்சள் பொட்டில் குத்தி நின்றது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேராசிரியை பேனாவை மூடாமல் பிடித்திருந்தார்.

அவள் பெட்டிகளைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். முகம் பிடிபடாததால் மேசைமேல் கன்னத்தை வைத்து, கீழிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, உனக்குத் தூக்கம் வருதா?"

பதினைந்து நொடி பொறுக்க வேண்டும், பிறகு ஒரே ஒருமுறை திரும்பக் கேட்கலாம். அத்தை பொறுத்தார். கேட்டார். கண் அசையவில்லை.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். நீலப் பெட்டியைத் திறந்து பந்தை எடுத்தாள். சிவப்புப் பெட்டியில் போட்டு, இரண்டு கையாலும் மூடியை அழுத்தினாள்.

"கரடிக்குத் தெரியாதுல்ல. இங்கதான் வந்து தேடும். இல்லைன்னா அழும்" என்றாள். "இப்பக் கூப்பிடு."

படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: சிவப்பு, நீலம், பதிலில்லை. இதற்குக் கட்டமில்லை. சுவரிலிருந்த சிறிய ஒலிபெருக்கி பேசியது. "பெட்டியைத் தொட்டுட்டா, இது செல்லாதுக்கா. உங்க மேல தப்பில்லை. அவளை ஆறு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம். மூணு மணிக்கு இன்னொரு குழந்தை வருது, பத்தாவதா அதை வெச்சுக்கலாம். இவளை அனுப்பிடுங்க."

அவள் போகவில்லை. மேசைக்கடியைப் பார்ப்பதும் அத்தையைப் பார்ப்பதுமாக நின்றாள்.

"கூப்பிடு அத்தை."

அத்தை மஞ்சள் பொட்டிலிருந்து கண்ணை எடுத்தார். அவளை நேராகப் பார்த்தார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதையும் ஒருமுறை பார்த்தார்.

"அக்கா" என்றது ஒலிபெருக்கி.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மேசைக்கடியிலிருந்து கரடியை எடுத்தார். அது தத்தித் தத்தி வந்தது. நீலப் பெட்டியைத் திரும்பியும் பார்க்காமல் சிவப்பின் மூடியைத் திறந்து, பச்சைத் தையல் காது உள்ளே மறையும்வரை தலையை நுழைத்து, பந்தோடு நிமிர்ந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திரை மாட்ட ஆள் வருகிறார்.