என் தாயின் இழுப்பு

திருமணத்துக்கு முன்பே இறந்துபோன என் தாய்க்கு இழுப்பு நோய் இருந்ததை மனைவியிடம் மறைத்தேன்.

எழுபதுகளில் நான் ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ரைட்டர்; கணக்கெழுதும் வேலை. காப்பிக்கொட்டைத் தூசி பட்டாலே எங்கள் மகளுக்கு மூச்சு இழுக்கும். “உங்கம்மா சின்ன வயசுல தனக்கிருந்த இழுப்பை மறைச்சு உன்னைக் கட்டிக் குடுத்துட்டாங்க” என்று மனைவியைப் பழித்தேன். அதை நம்பி அவள் தாயுடன் பேச்சை விட்டாள், சாவுக்கும் போகவில்லை.

பிறகொரு நாள் சேலம் டாக்டர், “இது பரம்பரையா வரலாமுங்க. ஊட்டுல யாருக்காச்சும் உண்டுங்களா?” என்றார்.

“எங்கம்மாவுக்குங்க” என்றாள் அவள்.

திரும்பும் பஸ்ஸில் உண்மையைச் சொன்னேன். ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கியதும் அவள் சொன்னாள்:

“இல்லைன்னு எங்கம்மா சத்தியம் பண்ணுச்சுங்க. நான்தான் நம்பல.”

மறுவாரம் அவள் பிறந்த வீட்டில் எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டேன். அவள் அண்ணன் எனக்கு இலை போட்டார். அவள் பரிமாற வரவில்லை. இன்றுவரை நானேதான் போட்டுச் சாப்பிடுகிறேன்.